பிரிந்து கிடக்கும் ஆவணங்கள்: துருவப் பயணி நோர்டன்ஷோல்டின் சேகரங்களும் அவற்றின் வரலாற்றுப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பாவுக்கு வடகிழக்கே, ஆசியாவின் வடகரையையொட்டிச் செல்லும் கடல்வழியை முதன்முதலில் முழுமையாகக் கடந்தவர் அடோல்ஃப் எரிக் நோர்டன்ஷோல்ட் (1832–1901). அவர் விட்டுச்சென்ற கடிதங்களும் நூல்களும் வரைபடங்களும் இன்று ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி ஆகிய இரு நகரங்களில் பிரிந்துள்ளன. இப்பிரிவு நேர்ந்த வரலாற்றையும், அவரைப் பற்றிய மதிப்பீட்டில் அது ஏற்படுத்தும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தனியாள் ஆவணம், துருவப் பயணம், நிலவரைபட வரலாறு, வேகா, ஃபின்லாந்து

முன்னுரை

நிறுவன ஆவணங்கள் அலுவல் நடைமுறையின் விளைவாக உருவாகின்றன. தனியாள் ஆவணங்களோ ஒருவரின் தொழில், நட்பு, தேடல் ஆகியவற்றின் போக்கில் சேர்கின்றன. எனவே அவை எங்கே, யாரால் காக்கப்படுகின்றன என்பதே அவற்றை வாசிக்கும் முறையை ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. நோர்டன்ஷோல்டின் சேகரங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

நாடு நீங்கிய அறிஞர்

ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் பிறந்த நோர்டன்ஷோல்ட், கனிமவியலாளரான தந்தையின் வழியில் அத்துறையையே கற்றார். 1857இல் பல்கலைக்கழக விழாவொன்றில் அவர் ஆற்றிய உரை ஆட்சியாளர்களின் சினத்துக்கு உள்ளானது. நாட்டைவிட்டு வெளியேறி ஸ்வீடனில் குடியேறிய அவர், 1858இல் ஸ்டாக்ஹோம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கனிமப் பிரிவுப் பொறுப்பை ஏற்றார். ஸ்பிட்ஸ்பெர்கன், கிரீன்லாந்து, யெனிசேய் ஆற்று முகத்துவாரம் எனத் தொடர்ந்த பயணங்களின் உச்சம் வேகா கப்பற்பயணம். 1878 ஜூலையில் டிரோம்சோவிலிருந்து புறப்பட்ட வேகா, ஆகஸ்ட் 19 அன்று ஆசியாவின் வடகோடியான செல்யூஸ்கின் முனையை அடைந்தது. செப்டம்பர் இறுதியில் சைபீரியாவின் கிழக்குக் கரையருகே பனியில் சிக்கியது. 1879 ஜூலை 18 அன்று விடுபட்ட கப்பல், ஜூலை 20 அன்று பெரிங் நீரிணையைக் கடந்தது. இரு நாள் பயணத்தொலைவே எஞ்சியிருந்த நிலையில் ஏறத்தாழ பத்து மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது என்பதை இந்நாள்களே உணர்த்துகின்றன.

சேகரங்களின் மூன்று நிலைகள்

முதலாவது, கடிதங்கள். ஸ்டாக்ஹோமிலுள்ள ஸ்வீடிய அரச அறிவியல் கழகத்தின் காப்பகத்தில் இவை உள்ளன. பயணங்களுக்குப் பொருளுதவி செய்த ஆஸ்கர் டிக்சன் போன்ற வணிகர்கள், அறிவியலாளர்கள், கடற்படையினர் ஆகியோரை இணைத்த பெரும் ஒழுங்கமைப்பை அறிய இவை முதன்மைச் சான்றுகள்.

இரண்டாவது, ஜப்பானிய நூல்கள். யோகோஹாமாவை அடைந்த நோர்டன்ஷோல்ட், மெய்ஜி சீர்திருத்தங்களால் ஜப்பான் விரைந்து மாறிவந்த அக்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் தலைப்புகளிலான பழைய நூல்களைத் திரட்டினார். இவை ஸ்டாக்ஹோம் அரச நூலகத்தில் உள்ளன. பனிக்கடலைக் கடந்தவர் உடனே நூற்சேகரிப்பில் இறங்கியது அவருடைய ஆர்வத்தின் பரப்பைக் காட்டுகிறது.

மூன்றாவது, நிலவரைபட நூலகம். வேகா பயண நூலில் அவர் தம் பயணத்தை மட்டும் விவரிக்கவில்லை. அவ்வழியைத் தேடிய முன்னோரின் வரலாற்றையும் விரிவாக எழுதினார். அதற்குப் பழைய வரைபடங்கள் தேவைப்பட்டன. அத்தேவை தனி ஆய்வுத்துறையாக வளர்ந்து, 1889இல் ‘ஃபக்சிமிலி அட்லஸ்’ என்னும் பழைய வரைபடப் படித்தொகுப்பாகவும், கடலோடிகளின் வரைபடங்களை ஆராயும் ‘பெரிப்ளஸ்’ (1897) நூலாகவும் வெளிப்பட்டது. தாலமியின் நிலநூற் பதிப்புகள் இந்நூலகத்தின் தனிச்சிறப்பு. முசிறி முதலிய துறைமுகங்களைக் குறிப்பிடும் அந்நூலின் அச்சு வரலாறு, தமிழக வணிக வரலாற்று ஆய்வாளர்களுக்கும் தொடர்புடையதே.

1902: திரும்பிய நூலகம்

1899இல் ரஷ்யப் பேரரசர் வெளியிட்ட பிப்ரவரி அறிக்கை ஃபின்லாந்தின் தன்னாட்சியைச் சுருக்கியது. அதை எதிர்த்து ஐரோப்பிய அறிஞர்கள் கையொப்பமிட்ட முறையீட்டைப் பீட்டர்ஸ்பர்குக்குக் கொண்டுசென்ற குழுவில் நோர்டன்ஷோல்டும் இடம்பெற்றார். பேரரசர் அக்குழுவைச் சந்திக்க மறுத்தார். இரண்டு ஆண்டுகளில் நோர்டன்ஷோல்ட் மறைந்தார். 1902இல் அவருடைய வரைபட நூலகத்தை ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. அவரை வெளியேறச் செய்த உரை நிகழ்ந்த அதே பல்கலைக்கழகத்துக்கு அவருடைய நூல்கள் சென்றன. இதனை முற்றிலும் அரசியற் செயலாகக் கொள்ள வேண்டுவதில்லை. நூலகத்தின் ஆய்வு மதிப்பே வாங்குவதற்குப் போதிய காரணம். எனினும் நாட்டின் தன்னாட்சி ஒடுக்கப்பட்ட காலத்தில் நிகழ்ந்தமையால் இக்கொள்முதல் பண்பாட்டு மீட்பு என்னும் பொருளையும் பெறுகிறது. 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இச்சேகரம் சேர்க்கப்பட்டது.

பிரிவும் வாசிப்பும்

ஸ்டாக்ஹோம் கடிதங்களை மட்டும் காண்பவருக்கு நோர்டன்ஷோல்ட் பயண அமைப்பாளர். ஹெல்சிங்கி வரைபடங்களை மட்டும் காண்பவருக்கு நூலறிஞர். பயணம் முடிந்தபின் ஓய்வுக்கால ஈடுபாடாக வரைபட ஆய்வு தொடங்கியது என்ற எண்ணம் இப்பிரிவால் எளிதில் வலுப்பெறும். வேகா பயண நூலோ இரண்டும் ஒரே வினாவிலிருந்து பிறந்தவை என்பதைக் காட்டுகிறது: அறியப்படாத கரையை முன்னோர் எவ்வாறு எண்ணினர், எவ்வாறு வரைந்தனர்?

பிரிவு எப்போதும் சிதைவாகாது. வரைபட நூலகம் ஒரே கொள்முதலாக வாங்கப்பட்டதால் அதன் உள்ளொழுங்கு காக்கப்பட்டது. ஏலத்தில் தனித்தனியாக விற்கப்பட்டிருந்தால் அது ஓர் ஆய்வாளரின் பணிநூலகம் என்ற அடையாளத்தை இழந்திருக்கும்.

முடிவுரை

தனியாள் சேகரங்கள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் இருப்பது இயலாதபோது, ஒவ்வொரு பகுதியும் முழுமை குன்றாமல் காக்கப்படுவதும், பகுதிகளின் பட்டியல்கள் ஒன்றையொன்று சுட்டுவதும் இன்றியமையாதவை. ஓரிடத்து ஆவணத்தைக் கொண்டு ஆளுமையை முழுமையாக அளக்க முற்படும் ஆய்வாளர், அவ்வாவணம் அவ்விடத்துக்கு வந்த காரணத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பதை நோர்டன்ஷோல்டின் சேகரங்கள் உணர்த்துகின்றன.