நெற்பயிர் சாய்வது ஏன்? உயரத்தைத் தீர்மானிக்கும் ஜிப்ரெல்லின்

டெல்டாவில் சம்பா, தாளடிப் பயிர் கதிர் வாங்கியபின் மழையும் காற்றும் அடித்தால் முதலில் சாய்வது உயரமான ரகங்களே. உயரத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானது ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி. இதைப் பயிரே தன் குருத்திலும் இளம் இலைகளிலும் படிப்படியாகத் தயாரிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி தேவை. தண்டின் கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியை நீளச் செய்வது இந்த ஊக்கிதான்.

1966-ல் வெளியான ஐ.ஆர்.8 ரகத்தில் இந்த நொதிகளில் ஒன்றுக்கான மரபணு சரியாக வேலை செய்யாது. ஊக்கி குறைவதால் தண்டு குட்டையாகிறது. உரமிட்டாலும் எளிதில் சாயாது. இன்றைய குட்டை ரகங்கள் பலவற்றிலும் இதே குணம்தான்.

கவனிக்க வேண்டியவை:

• வெள்ளைப் பொன்னி உயரமான ரகம். யூரியா அதிகமானால் தண்டு மேலும் நீண்டு வலுவிழக்கும். இலை வண்ண அட்டையில் அளவு 3-க்குக் கீழ் இறங்கினால் மட்டும் மேலுரமாக யூரியா இடவும். மற்ற ரகங்களுக்கு 4.

• சாதாரண நெல் சாகுபடியில் ஜிப்ரெல்லின் தெளிக்க வேண்டாம். வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில்தான் கதிர் நன்றாக வெளிவர அது பயன்படுகிறது.

• நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, மெலிந்து, நெட்டையாக வளர்ந்தால் அது செழிப்பு அல்ல; ஜிப்ரெல்லினைச் சுரக்கும் பூஞ்சாண நோய். அவற்றைப் பிடுங்கி அழிக்கவும். அடுத்த விதைப்பில் கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டாசிம் கலந்து விதைநேர்த்தி செய்யவும்.