பந்தயக் கார்ட்டின் இருக்கை

பந்தயக் கார்ட்டில் ஓட்டுநர் அமரும் இருக்கை, கண்ணாடி இழையில் வார்த்த, மெத்தையில்லாத ஒரு தொட்டி. பார்வைக்குச் சாதாரணமானதுதான். ஆனால் எஞ்சினுக்கும் டயருக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு இருக்கையைக் கண்ணளவில் வைத்து முடுக்கும் வண்டி வளைவில் பின்தங்கிவிடும்.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. கரங்கான், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், குழியில் சக்கரம் இறங்கினால் ஷாக் அப்சார்பர் பாதி அதிர்வை வாங்கிக்கொள்ளும். கார்ட்டில் அது கிடையாது. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் கட்டிய முதல் கார்ட்டிலிருந்து இன்றைய பந்தயக் கார்ட் வரை ஸ்பிரிங் இல்லாத வண்டிதான். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவிலோ உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும். அது கணநேரம் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். ஓட்டுநரின் பாரம் இருக்கை வழியாகச் சேசிஸில் இறங்கி அதை முறுக்குவதுதான் அந்தச் சக்கரத்தைத் தூக்க உதவுகிறது. ஷாக் அப்சார்பர் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கை இருக்கை செய்கிறது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலா. நல்ல பிடிப்புள்ள தடத்தில் பக்கவாட்டு விசை 2 ஜி வரை போகும். 60 கிலோ எடையுள்ளவரின் உடம்பு அப்போது 120 கிலோ பாரமாகப் பக்கச்சுவரில் சாயும். இருக்கை தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் விலா போய் இடிக்கும். நீலம் பாய்ந்த விலாவோடு வீடு திரும்பும் புதியவர்கள் நிறையப் பேர். பந்தய உடையையும் விலாக் கவசத்தையும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இடுப்பு அடிவரை இறங்க வேண்டும், பக்கச்சுவர் விலாவை அணைக்க வேண்டும், மூச்சு முட்டக் கூடாது.

பிள்ளைகளுக்கு வாங்குவதில்தான் பெற்றோர் தவறுகிறார்கள். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பள்ளிக்கூடச் சட்டையை ஓர் அளவு பெரிதாக எடுக்கும் பழக்கம் இங்கே உதவாது. பஞ்சை அடைத்துச் சரிக்கட்டினாலும் பாரம் சேசிஸுக்குப் போகும் வழி மழுங்கிவிடும். பிள்ளை வளர வளர இருக்கையை மாற்றுவதுதான் முறை.

பொருத்தும் வேலை சமதளத்தில் தொடங்குகிறது. பின் அச்சிலிருந்து இருக்கையின் மேல் விளிம்புக்கும், முன் குழாயிலிருந்து இருக்கையின் முன் விளிம்புக்கும் எவ்வளவு தூரம் என்று சேசிஸ் தயாரிப்பாளர் அளவு கொடுத்திருப்பார். அதுதான் தொடக்கப் புள்ளி. எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் இருக்கை சற்றே இடப்பக்கம் தள்ளி நிற்கும். ஓட்டுநரை உட்காரவைத்து, நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு தராசு வைத்து நிறுத்துப் பார்த்தால் முன்னால் ஏறத்தாழ 43 விழுக்காடும் பின்னால் 57 விழுக்காடும் வருவது பொதுவான இலக்கு. துளை போடுவதற்கு முன்பே நிறுக்க வேண்டும்.

பிறகு மார்க்கரால் புள்ளி வைத்து, சிறு துளையிட்டு, 8 மில்லிமீட்டருக்கு விரிக்கிறார்கள். தொடைக்குக் கீழே இரண்டு, அச்சின் பேரிங்குகளுக்கு அருகே மேலே இரண்டு என நான்கு தாங்கிகளில் போல்ட்டு ஏறும். மேல் தாங்கிகளுக்கும் இருக்கைக்கும் நடுவே குறைந்தது 40 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட தகடு வேண்டும் என்பது பன்னாட்டு விதி. போல்ட்டை முடுக்கி இருக்கையைத் தாங்கியை நோக்கி இழுப்பதுதான் இந்த வேலையில் பெரிய பிழை. இடைவெளி இருந்தால் தாங்கியை வளைத்து இருக்கையைத் தொடவைக்க வேண்டும், அல்லது வாஷர் அடுக்கி நிரப்ப வேண்டும். வம்பாக இழுத்து முடுக்கிய இருக்கை ஓடும் முன்பே சேசிஸை முறுக்கிவைத்துவிடும். கண்ணாடி இழையும் சீக்கிரம் கீறிப்போகும்.

உயரம் தடத்தைப் பொறுத்தது. உயர்த்தினால் வளைவில் பாரம் வெளிச்சக்கரத்துக்கு அதிகம் மாறிப் பிடிப்பு கூடும். வழுக்கும் தடத்துக்கு அது நல்லது. வெயிலில் டயர் ரப்பர் ஒட்டிப் பிசுபிசுக்கும் தடத்திலோ வண்டி இரண்டு சக்கரத்தில் துள்ளத் தொடங்கும். செப்பாங் போல, காய்ந்த தடத்தில் சட்டென மழை கொட்டும் இடத்தில் ஓட்டுபவர்களுக்கு இந்த வேறுபாடு நடைமுறைக் கவலை.

லங்காவியின் மோராக் தடம் போன்ற வாடகை இடங்களில் கார்ட்டைப் பார்த்துவிட்டுப் பந்தயக் கார்ட்டில் ஏறுபவர் திகைப்பது இயல்பு. யார் வந்தாலும் உட்கார வேண்டும் என்பதால் வாடகை வண்டிகளில் முன்பின் நகரும், மெத்தை வைத்த இருக்கைகள் பரவலாக உண்டு. தேசியப் பந்தயத்துக்கு இறங்கும் வண்டியிலோ இருக்கை ஒருவர் உடம்புக்கென்றே துளையிட்டது. எடை குறைந்த ஓட்டுநருக்கு ஈயக் கட்டிகளும் பெரும்பாலும் அந்த இருக்கையிலேயே ஏறும், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு போல்ட்டில்.

ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் துளைகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்ப்பார்கள். வெண்மையாக நூல்போலத் தெரிகிற கீறல்தான் முதல் அறிகுறி.