ஓசூர் யானைகளையும் ஏரிப் பறவைகளையும் படம் எடுக்க ஆசையா? குறைந்த விலை டெலி ஜூம் லென்ஸ் வாங்கும் முன் இதைப் பாருங்க!

ராகி விளையும் காலம் வந்துவிட்டால் ஓசூர் வனக்கோட்டத்தில் யானைச் செய்திகளுக்குப் பஞ்சமே இருக்காது. கர்நாடகாவின் பன்னார்கட்டா வனப்பகுதியில் இருந்து ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு காடுகளில் முகாமிடுவது வழக்கம். அவற்றைப் பார்க்கக் கூட்டம் கூடுவதும், செல்போனை நீட்டிக்கொண்டு சிலர் கிட்டே போவதும், வனத்துறை எச்சரிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது.

கிட்டே போகாமலே நல்ல படம் எடுக்க உதவுவதுதான் டெலி ஜூம் லென்ஸ். ஓசூர் ராமநாயக்கன் ஏரி, கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும், தை மாத எருது விடும் விழாவைத் தடுப்புக்கு வெளியே நின்று எடுக்க நினைப்பவர்களுக்கும் இதே லென்ஸ்தான் தேவை. லட்சக்கணக்கில் செலவு செய்யாமல் எதை வாங்கலாம், எதில் ஏமாறக்கூடாது?

'எத்தனை எக்ஸ் ஜூம்?' என்று கேட்கலாமா?

கடையில் பலரும் கேட்கும் முதல் கேள்வி இது. ஆனால் லென்ஸைப் பொறுத்தவரை 'எக்ஸ்' என்பது பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். 55-250 எம்.எம். லென்ஸ் சுமார் 4.5 எக்ஸ். 70-300 எம்.எம். லென்ஸ் சுமார் 4.3 எக்ஸ். ஆனால் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவது 300 எம்.எம்.தான். எனவே பார்க்க வேண்டியது கடைசி எண்ணை.

அப்படியென்றால் எத்தனை எம்.எம். போதும்?

கேனான் 1500டி போன்ற தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருப்பது ஏ.பி.எஸ்-சி அளவு சென்சார். அதன் உயரம் சுமார் 15 எம்.எம். இதை வைத்து ஒரு எளிய கணக்குப் போடலாம்.

100 மீட்டர் தூரத்தில் 3 மீட்டர் உயர யானை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

• கேமராவோடு வரும் 18-55 லென்ஸில்: படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு
• 250 எம்.எம். லென்ஸில்: சரியாகப் பாதி
• 300 எம்.எம். லென்ஸில்: ஐந்தில் மூன்று பங்கு

10 மீட்டர் தூரத்தில் 16 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால்:

• 250 எம்.எம். லென்ஸில்: படத்தின் உயரத்தில் கால் பங்கு
• 600 எம்.எம். லென்ஸில்: மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு

இதில் இருந்து இரண்டு விஷயங்கள் புரியும். யானைக்கு 250 எம்.எம். தாராளம். 600 எம்.எம். தேவைப்படுவது சின்னப் பறவைகளுக்குத்தான். அடுத்து, 250க்கும் 300க்கும் வித்தியாசம் 20 சதவீதம் மட்டுமே. அந்த 50 எம்.எம்.முக்காக மற்ற வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எந்த கேமராவுக்கு எது?

• கேனான் ஏ.பி.எஸ்-சி டி.எஸ்.எல்.ஆர்.: இ.எஃப்-எஸ் 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். எடை 400 கிராமுக்கும் குறைவு. இதற்கு முந்தைய 55-250 ஐ.எஸ். 2 லென்ஸ், 1500டி இரட்டை லென்ஸ் கிட்டில் வந்ததால் பழைய சந்தையில் எளிதாகக் கிடைக்கும். எஸ்.டி.எம்.மில் போகஸ் வேகமும் அதிகம், சத்தமும் குறைவு.
• நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.: ஏ.எஃப்-பி டி.எக்ஸ் 70-300 வி.ஆர். (டி3100, டி3200, டி5100, டி7000 போன்ற பழைய மாடல்களில் இந்த லென்ஸ் வேலை செய்யாது. அவற்றுக்கு ஏ.எஃப்-எஸ் 55-300 வி.ஆர். அல்லது 55-200 வி.ஆர்.)
• மிரர்லெஸ்: கேனான் ஆர்50, ஆர்10க்கு ஆர்.எஃப்-எஸ் 55-210. நிக்கான் இசட்50, இசட்30க்கு இசட் டி.எக்ஸ் 50-250. சோனி ஏ6000 வரிசைக்கு 55-210 ஓ.எஸ்.எஸ்.

சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்கள் பறவைக்காரர்களின் கனவு. ஆனால் எடை 2 கிலோ அளவுக்கு வரும், விலையும் பல மடங்கு. முதல் டெலி லென்ஸாக அதை வாங்க வேண்டிய அவசியமில்லை.

எங்கே ஏமாறுகிறோம்?

1. நடுக்கத் தடுப்பு இல்லாத லென்ஸ்: 'விலை கம்மி, 300 எம்.எம்.' என்று காட்டப்படும் கேனான் 75-300 3 லென்ஸில் நடுக்கத் தடுப்பு கிடையாது. நிக்கான் ஏ.எஃப்-பி 70-300லும் வி.ஆர். உள்ளது, இல்லாதது என இரண்டு வகை உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். லென்ஸ் மேல் கேனானில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர்., சோனியில் ஓ.எஸ்.எஸ்., டாம்ரானில் வி.சி., சிக்மாவில் ஓ.எஸ். என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இது ஏன் முக்கியம்? 250 எம்.எம்.மில் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் சுமார் 1/400 நொடி வேண்டும். காலை 6 மணி வெளிச்சத்தில் அது கஷ்டம். நடுக்கத் தடுப்பு இருந்தால், அசையாமல் நிற்கும் யானையை 1/50 வரைகூட எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒன்று: அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறக்கும் கொக்கை நிறுத்த 1/1000க்கு மேல் வேகம் வேண்டும், அதற்கு ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டத்தான் வேண்டும்.

2. மோட்டார் இல்லாத லென்ஸ்: நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் போகஸ் மோட்டார் இல்லை. 'ஏ.எஃப்', 'ஏ.எஃப்-டி' என்று மட்டும் எழுதிய பழைய லென்ஸை மாட்டினால் கையால்தான் போகஸ் செய்யணும்.

3. பொருந்தாத மவுன்ட்: இ.எஃப்-எஸ் லென்ஸ் கேனான் 6டி, 5டி போன்ற ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர்.களில் பொருந்தாது. ஆர்50 போன்ற மிரர்லெஸ்ஸில் மாட்ட தனி அடாப்டர் வாங்கணும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கலாமா?

தாராளமாக. ஓசூரில் இருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், பழைய லென்ஸும் வாடகை லென்ஸும் அங்கே கிடைக்கும். ஆனால் உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஆன்லைனில் படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். கையில் வாங்கியதும் செய்ய வேண்டியவை:

• செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். ஒன்றிரண்டு தூசி பரவாயில்லை.
• ஜூமை முழுக்க நீட்டி, ஒரு பேனரையோ பெயர்ப் பலகையையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்கலாம்.
• நடுக்கத் தடுப்பை ஆன், ஆஃப் செய்து இரண்டு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.
• பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

புது லென்ஸ் என்றால் இந்திய வாரண்டி கார்டும் ஜி.எஸ்.டி. பில்லும் கேளுங்கள். வாரண்டி இல்லாத இறக்குமதி லென்ஸ் விலை குறைவாக இருக்கும், பழுதானால் செலவு உங்களுடையது. எதை வாங்குவது என்று குழப்பமாக இருந்தால், ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே மலிவான வழி.

லென்ஸ் வந்தாச்சு. எங்கே நின்று எடுப்பது?

ஆசிய யானைகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியவை என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 30 மீட்டர் தூரத்தில் நின்றால் உங்களிடம் வர 5 நொடிகூட ஆகாது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் யானையைப் படம் எடுக்கப் போனவரை யானை விரட்டி மிதித்தது. அவர் உயிர் தப்பினார், கர்நாடக வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது.

எனவே வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம். ஃபிளாஷ் வேண்டாம். ராகி வயலில் காவல் இருக்கும் விவசாயிகளோ வனத்துறையினரோ யானைகளை விரட்டும்போது குறுக்கே நிற்கவே வேண்டாம், கூட்டம் கூடினால் யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என இந்தப் பகுதிக் காடுகள் வன உயிரின சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம்.

250 எம்.எம். லென்ஸில் யானை படத்தை முழுசாக நிரப்புகிறது என்றால், நீங்கள் ஏறக்குறைய 50 மீட்டருக்குள் இருக்கிறீர்கள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேமராவை இறக்கிவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் நகருங்கள்.