ஆரவாரத்தினூடே ஓர் இசை

மேடைக் கலை உயிர் பெறுவது அவையினரால். அந்த அவையினரின் ஆரவாரமே அக்கலையின் பதிவைச் சிதைத்துவிடுவதும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே ஒலிப்பதிவாளர் பட்ட பாட்டினை உணர்த்த, ஹாலிவுட் பவுல் ஒலிநாடாக்களின் வரலாறு ஒன்றே போதும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குன்றுச் சரிவில் அமைந்த திறந்தவெளி அரங்கம் ஹாலிவுட் பவுல். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1964 ஆகஸ்ட் 23 அன்றும், 1965 ஆகஸ்ட் 29, 30 ஆகிய நாள்களிலும் அங்கே பாடினர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 17,000 பேர் திரண்டனர். கேப்பிட்டல் நிறுவனத்தார் மூன்று தடங்கள் கொண்ட நாடாவில் நிகழ்ச்சியைப் பதிவு செய்தனர். ஆயின் இளம்பெண்களின் கூச்சல் எல்லா ஒலிவாங்கிகளிலும் புகுந்தது. பாடுவோர் தம் குரலைக் கேட்பதற்கான ஒலிபெருக்கிகள் அந்நாளில் மேடையில் இல்லை. முரசு கொட்டிய ரிங்கோ ஸ்டார், முன்னே நின்றோரின் உடலசைவைக் கண்டே பாட்டு எவ்விடத்தில் நிற்கிறது என்று அறிந்தார். இத்தகைய சூழலே, 1966 ஆகஸ்ட் 29இல் சான் பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியோடு அவர்கள் சுற்றுப்பயணத்தைக் கைவிட்டதற்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. ஒலிநாடாக்கள் பேழையில் உறங்கின.

கூச்சலைக் குறைப்பதில் அப்படி என்ன அருமை? வரம்பு மீறும் ஒலியைத் தானே தாழ்த்தும் கருவிகள் 1930களிலேயே வானொலி நிலையங்களில் வழக்கிற்கு வந்துவிட்டன. ஆனால் அக்கருவிக்கு ஒலியின் அளவு தெரியுமேயன்றி, அது யாருடையது என்பது தெரியாது. கூச்சல் எழும்போது அதனோடு பாடகரின் குரலையும் சேர்த்தே அமுக்கும். கூச்சல் ஓய்ந்ததும் அனைத்தையும் மீண்டும் உயர்த்தும். அதனால் இசை மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும். வடிகட்டி கொண்டு உச்ச ஒலிகளை நீக்கலாமெனில், கூச்சல் குடியிருக்கும் அதே உயரத்தில்தான் கிதாரின் பளபளப்பும் சொற்களின் தெளிவும் குடியிருக்கின்றன. எனவே நாடாவைப் பலமுறை கேட்டு, கூச்சல் பொங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, கையால் ஒலியளவைத் தாழ்த்தி உயர்த்துவதே தேர்ந்தோர் கைக்கொண்ட வழியாயிற்று.

ஜார்ஜ் மார்ட்டின், ஜெஃப் எமெரிக் இருவரும் பின்னர் இந்நாடாக்களைக் கையிலெடுத்தனர். பழைய மூன்று தட இயந்திரம் சூடேறித் தொல்லை தந்தது. வாக்குவம் கிளீனரை எதிர்த்திசையில் இயக்கி, அதன் குளிர்காற்றால் இயந்திரத்தைத் தணித்து, நாடாவைப் புதிய பல தட நாடாவிற்கு மாற்றினர். இரு ஆண்டுகளின் பதிவுகளிலிருந்தும் பாடல்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, 1977இல் இசைத்தட்டு வெளிவந்தது. கூச்சல் தணிந்ததே தவிர நீங்கவில்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஆபி ரோடு நிலையத்தில் ஜேம்ஸ் கிளார்க் என்பார், கலந்து கிடந்த ஒலிகளை அவற்றின் இயல்பு கண்டு பிரித்தெடுக்கும் கணினி நிரலை உருவாக்கினார். கருவிக்குத் தெரியாதிருந்த வேற்றுமை இப்போது கணினிக்குத் தெரிந்தது. அதன் துணையால் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் செப்பனிட்ட பதிப்பு 2016 செப்டம்பரில் வெளிவந்தது. தந்தை அவ்வாண்டு மார்ச்சிலேயே மறைந்துவிட்டார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கூச்சலைப் பிரிக்க வல்ல கருவி கிடைத்த பின்னரும் அப்பதிப்பில் கூச்சல் முற்றாகத் துடைக்கப்படவில்லை. பாட்டுக்குப் பின்னே நிறுத்தப்பட்டது. துடைத்திருப்பின் எஞ்சுவது கூடத்தில் பாடிய பாட்டைப் போன்றதொரு பாட்டாகவே இருந்திருக்கும். அந்த மாலைப்பொழுது அதில் இருந்திராது. மேடையில் ஒலித்த கவிதையைப் பதிந்து காப்போர்க்கும் இது பொருந்தும். கரவொலி சொல்லை விழுங்குமிடத்தில் அதனைத் தாழ்த்துதல் கவிஞனுக்குச் செய்யும் கடமை. அதனை அழியாது விடுதல் கேட்டவர்க்குச் செய்யும் கடமை. மூல நாடாவைத் தொடாது பேணுதலோ வருங்காலத்துக்குச் செய்யும் கடமை. 1964இன் நாடாவை எவரேனும் பயனற்றதென எறிந்திருந்தால், 2016இன் கணினிக்கு வேலையே இருந்திராது.