கீழ்ப்பாக்கம் என்றொரு வசவு

எதிராளியின் கேள்விக்குப் பதில் இல்லாதபோது, "கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடலாம்" என்பது சென்னை மேடைகளின் பழைய உத்தி. ராயபுரம் தெருமுனைக் கூட்டங்களிலும் திருவொற்றியூர் ஆலை வாயிற்கூட்டங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கூட்டமும் சிரிக்கும், கேள்வி மறந்துபோகும்.

ஓர் ஊர்ப்பெயர் வசவான கதை நீளமானது. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வாலன்டைன் கானலி சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்து லோக்காக் தோட்டத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922இல் அது மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. சட்டத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. பைத்தியத்தின் பெயரால் 1912இல் வந்த சட்டத்தின் இடத்தில் 1987இல் மனநலச் சட்டமும் 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தன. மேடையின் வசவு மட்டும் மாறவில்லை.

இந்த வசவு எல்லோர்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை. ஆண் கத்தினால் ஆவேசம். பெண் கத்தினால் 'லூசு'. கூலி பாக்கியைக் கேட்டவளையும் கட்சிக்குள் கைநீட்டியவனைக் காட்டிக்கொடுத்தவளையும் இந்த ஒரு சொல்லால் உட்கார வைத்துவிடலாம். வீட்டிலும் இதே சொல்தான். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக் காரணமாக இருந்த தொழுநோய் 2019இல் நீக்கப்பட்டது. மனநோய் இன்னும் காரணமாக நீடிக்கிறது. 'இவளுக்குப் புத்தி சரியில்லை' என்பது வெறும் பேச்சல்ல, ஒரு பெண்ணை வாசலுக்கு வெளியே தள்ளக்கூடிய வாக்குமூலம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மனிதரல்லாதவராகப் பேசப்பட்டவரைக் கட்டிப்போடுவதற்குக் கை கூசுவதில்லை.

எதிர்ப்பும் இருந்தது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் தெருவில் நின்றன. 2010இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொதுப் பார்வையில் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. 2025 ஏப்ரலில் அமைச்சர் துரைமுருகன் தம் மேடைப்பேச்சில் வந்த சொற்களுக்கு வருத்தம் தெரிவித்தார். அதே மாதம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிப்பதற்கான சட்டமுன்வடிவுகள் பேரவைக்கு வந்தன.

ஆனால் சட்டம் எட்டாத இடம் ஒன்றுண்டு. 'குருட்டு அரசு', 'செவிட்டு அதிகாரிகள்' என்று நம் தோழர்களே முழங்கும்போது திட்டு வாங்குபவர் அமைச்சர்; காயப்படுபவர் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருப்பவர். அவர் வழக்குப் போட முடியாது. அடுத்த கூட்டத்துக்கு வராமல் போவார், அவ்வளவுதான்.

அந்த முழக்கம் அரசியலாகவும் பிழையானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில் அரசைச் 'செவிடு' என்றால் அதற்கு ஒரு சமாதானத்தை நாமே எழுதிக் கொடுக்கிறோம். செவிடருக்குக் காது கேட்காது, அதில் குற்றமில்லை. அரசுக்குக் காது கேட்கிறது. அது கேட்க மறுக்கிறது. 'மறுக்கிறது' என்பதுதான் குற்றச்சாட்டு.

சாதி வசவு வந்தால் மேடைத் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பும் வழக்கம் சில இயக்கங்களில் உண்டு. சும்மா வந்த வழக்கமல்ல அது. அவமானப்பட்டவர்கள் போராடிப் பெற்றது. 'லூசு'க்கும் 'நொண்டி'க்கும் அதே துண்டுச்சீட்டு போகவேண்டும். பெண்கள் தலைமையேற்கும் கூட்டங்களில் இருந்தே இதைத் தொடங்கலாம். பைத்தியம் என்ற பட்டத்தின் எடை நமக்குத் தெரியும். அதை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் பெறும் கைதட்டல் எதற்கு?