நீக்கப்பட்ட வாசகம்

1878ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது. பங்குதாரரின் பொறுப்புக்கு எல்லை வகுக்கப்படாமையால், வங்கியின் கடனைத் தீர்க்கப் பல குடும்பங்கள் உள்ளதெல்லாம் இழந்தன. மறு ஆண்டே, வரையறுத்த பொறுப்புடன் பதிவாகும் வங்கிகளின் கணக்குகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படல் வேண்டுமெனப் பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்தது. கணக்காய்வாளரைத் தெரிவுசெய்வோர் பங்குதாரர். ஆனால் அவர் கண்டு பேசிப் பழகுவதோ பணிப்பாளரோடு. அங்ஙனமாயின் அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

இவ்வினாவுக்கு இலண்டன் அன்ட் ஜெனரல் வங்கியின் வழக்கு விடை தந்தது. அவ்வங்கி, ஜேபஸ் பல்ஃபோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினரின் கம்பனிக் குழுவைச் சேர்ந்தது. 1891ஆம் ஆண்டுக் கணக்கைப் பரிசோதித்த தியோபால்ட் என்பார், கொடுத்த கடன்களுக்கு ஈடு போதாதெனக் கண்டார். பணிப்பாளர் சபைக்கு இரகசிய அறிக்கை எழுதி, பங்கிலாபம் வழங்கலாகாதென்றும் அறிவுறுத்தினார். இதுவரை அவர்மீது குறை காண்பதற்கில்லை. பங்குதாரருக்கான அறிக்கையிலே, சொத்துக்களின் பெறுமதி அவை பணமாவதைப் பொறுத்தது என எழுதி, இதுபற்றிச் சபைக்குத் தனியே அறிவித்துள்ளதாகவும் சேர்த்திருந்தார். அப்பிற்பகுதியை நீக்குமாறு பல்ஃபோர் வேண்டினார், அவரும் இணங்கினார். எஞ்சிய வாசகத்தில் பொய்யில்லை. ஆயினும், சொத்து விற்றாற்றான் பணமாகும் என்பதை அறியாதார் யார்? 7 சதவீதப் பங்கிலாபம் வழங்கப்பட்டது; அவ்வாண்டிலேயே, 1892இல், வங்கி வீழ்ந்தது.

மேலும் வினவத் தூண்டும் ஒரு குறிப்பைக் கொடுப்பது அறிவித்தல் ஆகாது என 1895இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதியரசர் லிண்ட்லி தீர்ப்பளித்தார். தகாது வழங்கிய அப்பங்கிலாபத்தை ஈடுசெய்யும் பொறுப்பு கணக்காய்வாளர் தலையில் விழுந்தது. ஆர்ஜென்டீனாவுக்கு ஓடியிருந்த பல்ஃபோர் பிடித்து வரப்பட்டு 14 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

எனினும் வெளியிலிருந்து வரும் கணக்காய்வாளர், உள்ளிருப்போர் சொல்லை எவ்வளவு நம்பலாம்? 1896இல் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு இதனை எழுப்பியது. ஆலை முகாமையாளர் பஞ்சு, நூல் இருப்பைப் பல ஆண்டுகள் மிகைப்படுத்திச் சான்று வழங்கியிருந்தார். ஐயத்துக்கு இடமில்லாதபோது நம்பிக்கைக்குரிய அலுவலரை நம்பியது குற்றமன்று என அதே நீதிமன்றம் கணக்காய்வாளரை விடுவித்தது. இத்தீர்ப்பு வங்கித் தீர்ப்பின் வலுவைச் சற்றுத் தளர்த்தியது என்றே கொள்ளல் வேண்டும்.

அத்தகைய நம்பிக்கையின் விலை 1938இல் அமெரிக்காவிலே தெரியவந்தது. மக்கெசன் அன்ட் ரொபின்ஸ் என்னும் மருந்து வணிகக் கம்பனியின் தலைவர், பொய்ப்பெயரில் வாழ்ந்த முன்னாட் குற்றவாளி. உதவிப் பொருளாளர் அவருடைய உடன்பிறந்தார். ஏறத்தாழ 87 மில்லியன் டொலர்ச் சொத்தில் 19 மில்லியன் வெறுங்கற்பனை. ஏடுகள் ஒழுங்காக இருந்தன; பண்டசாலையிலே பண்டந்தான் இல்லை. இருப்பைக் கண்ணாற் காண்பதும், கடன்பட்டோருக்கு நேரே எழுதிக் கேட்பதும் 1939இல் அந்நாட்டுக் கணக்காய்வாளரின் வழமைக் கடமைகளாயின.