மங்காத மாயாபஜார்

கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் விஜயா நிறுவனத்தார் 1957ஆம் ஆண்டு தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தளித்த மாயாபஜாரை மட்டாஞ்சேரித் தமிழராகிய நாம் இன்னும் விட்டபாடில்லை. பாரதக் கதை என்கிறோம். ஆயினும் படத்தில் பாண்டவர் ஐவருள் ஒருவரும் முகங்காட்டுவதில்லை! வியாசர் பாடாத இவ்வத்சலை கல்யாணம் நாட்டார் வழக்கிலும் நாடக மேடையிலும் வளர்ந்தது. எனவே இங்குப் போர் பெரிதன்று, குடும்பமே பெரிது.

அரசிழந்த தங்கை சுபத்திரையின் மகனுக்கென்று சொல்லிவைத்த பெண்ணை, அண்ணன் வீட்டார் துரியோதனன் மகனுக்குப் பேசி முடிக்கின்றனர். கைப்பொருள் போனதும் உறவும் போன அவ்வடுவைச் சுமந்து ஊர்விட்டு வந்தோர் நம் முன்னோருள் இலரோ? அவ்வவமதிப்பைத் துடைக்கவே கடோத்கசனின் மாயம் வருகிறது. வெறும் வேடிக்கையாயின் என்றோ சலித்திருக்கும்.

கல்யாண விருந்து முழுவதையும் ரங்காராவ் ஒருவரே உண்டு தீர்க்கும் காட்சியில் திருச்சி லோகநாதனின் குரல் அவருடைய சொந்தக் குரலாகவே ஒலிக்கிறது. இலட்டுகள் தாமே வாய்க்குள் தாவும்போது, தமிழ் எழுத்தறியாத நம் பேரக் குழந்தைகளும் கைகொட்டுகின்றனர். சாவித்திரியோ ஒருபடி மேல்! வத்சலையின் உருக்கொண்ட அரக்கனாக, பட்டாடைக்குள் ஆண் மிடுக்கை என்னமாய்க் காட்டுகிறார்!

ஓடப் பாட்டின் நிலவு ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் கைவண்ணம். அவரே 1965இல் ‘செம்மீன்’ படத்தின் கடலையும் நமக்குக் காட்டியவர். அப்பாட்டைக் கண்டசாலாவுடன் பாடிய பி. லீலா பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்தவர். அண்டை வீட்டு மலையாள நண்பர்கள் உடனமர்ந்து பார்க்கையில் இவ்விரண்டையும் சொல்லாமல் நாம் விடுவதில்லை.